தனியார் நிலத்து மண் அணைகள்: கரை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரங்களில், நிலத்தின் குறுக்கே வரும் சிற்றோடையை மண் கரையால் மறித்து மாந்தோப்புக்கும் தென்னைக்கும் தண்ணீர் தேக்கி வைத்திருப்பவர்கள் பலர். இத்தகைய கரைகளைப் பல ஆண்டுகளாகப் பார்வையிட்டு வருகிறேன். ஆவணி பிறந்தது முதல் கார்த்திகை முடியும் வரை என்னிடம் வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். நீர் நிற்கும் பக்கத்தை நீர்ப்பக்கம் என்றும், மறுபக்கத்தை வெளிப்பக்கம் என்றும், உபரி நீர் வழிந்து போகும் இடத்தை நம் வட்டார வழக்குப்படி கோடி என்றும் குறிப்பிடுகிறேன்.

எங்களது அணையே இல்லை சார், மண்ணைக் குவிச்சு ஓடையை மறிச்சிருக்கோம், அவ்வளவுதான். இதுக்கெல்லாம் பாதுகாப்பு பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாக 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஏறத்தாழ 8,000 கன மீட்டர். அதன் எடை 8,000 டன். 10 டன் ஏற்றும் லாரிகள் 800 வரிசையாக நிற்பதற்குச் சமமான சுமை அது. கரை மெல்ல வழிந்தால் ஓடை அதைத் தாங்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் கரை பிளந்தால் ஓடை தாங்காது. எனவே கரையின் உயரத்தைக் கேட்பதற்கு முன், அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதையே நான் கேட்பேன். கோடையில் ஒரு நாள் ஓடையின் வழியே ஒரு மணி நேரம் கீழ்நோக்கி நடந்து பாருங்கள். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பங்கள், ஓடைக்கரையில் கட்டிய ஆட்டுப்பட்டி, தரைப்பாலம், அங்கன்வாடி என எத்தனை எதிர்ப்படுகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலேயுள்ளது உடைந்தால் அந்த நீர் கீழேயுள்ளதன் மீது மோதும். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சீரழித்ததற்கு, மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்ததும் காரணம். சிறிய கரைகளிலும் இதே தொடர்விளைவு நிகழும்.

மண் கரை எப்படித்தான் உடையும்? கல்லு மாதிரி இறுகித்தானே கிடக்குது?

மூன்று வழிகளில் உடையும். முதலாவது, தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. கல் அணை இதைச் சிறிது நேரம் பொறுக்கும்; மண் கரை பொறுக்காது. வழிந்தோடும் நீர் வெளிப்பக்கச் சரிவை அறுத்துக்கொண்டே உச்சியை நோக்கி ஏறிவிடும். குஜராத்தின் மச்சு அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று இப்படித்தான் உடைந்து மோர்பி நகரை அழித்தது. நமக்கு அருகில், அன்றைய கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் மீதுள்ள அன்னமய்யா அணையின் மண் கரை 2021 நவம்பர் 19 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது.

இரண்டாவது, உள்ளரிப்பு. கசியும் நீர் மண் துகள்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்து, கரைக்குள் ஒரு குழாயையே குடைந்துவிடுகிறது. அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று இவ்வாறு உடைந்தது. காலை 7.30 மணியளவில் சேற்று நீர்க் கசிவு கண்ணில் பட்டது. நண்பகல் 12 மணிக்குள் கரை இல்லை. மூன்றாவது, நனைந்து வலுவிழந்த சரிவு பாளமாகப் பெயர்ந்து சரிவது. கீழே வரும் எந்தக் கேள்வியும் இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டே இருக்கும்.

கோடி எவ்வளவு அகலம் வைக்கணும்? எங்களது பத்தடி இருக்குது, அது போதுமா?

போதுமா என்பதை உங்கள் கரையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மேலே எவ்வளவு நிலத்தின் மழைநீர் வந்து சேர்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 250 ஏக்கர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீர் உங்கள் ஓடைக்கு வருகிறது என்று கொள்வோம். மணிக்கு 80 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டி, அதில் 60 விழுக்காடு ஓடி வந்தால், நொடிக்குச் சுமார் 13 கன மீட்டர் நீர் வரும். கோடியின் மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ந்தால், ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு 0.8 கன மீட்டர்தான் போகும். ஆகவே தேவைப்படும் அகலம் 17 மீட்டர், அதாவது 55 அடி. அதே மழையில் 50 ஏக்கர் மட்டுமே நீர் தரும் ஓடைக்கு 11 அல்லது 12 அடி போதும். உங்கள் பத்தடி எந்த ஓடையின் மேல் இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

80 மில்லிமீட்டர் என்பது மிகை என்று சிலர் சொல்கிறார்கள். ஆவணி, புரட்டாசி இரவுகளில் ஜவ்வாது மலைச் சரிவில் இடியுடன் இறங்கும் மழையை நேரில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நாள் முழுவதும் பெய்த மழையின் அளவு இங்கே பயன்படாது. அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதே கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 11223 என்ற விதிமுறை, சிறிய அணைகளுக்கே 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. கீழே வீடுகள் இருந்தால் அதற்கும் மேலே போவதுதான் நியாயம்.

அகலம் மட்டும் போதாது. கோடியின் மேல் 2 அடி நீர் பாயும்போதும் கரையின் உச்சி அதைவிடக் குறைந்தது 2 அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். கரை நாளடைவில் அமுங்கும். பெரும்பாலும் நடுப்பகுதியில், ஓடையின் ஆழமான இடத்துக்கு மேலே அமுங்கும். உச்சியின் ஓரத்தோடு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, ரசமட்டக் குழாயால் சரிபாருங்கள். வெறுங்கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கரையில் ஓரடிப் பள்ளம் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மழை முடியுற நேரத்துல கோடியில மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி கூடத் தண்ணி நிறுத்திக்கிட்டா என்ன தப்பு?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். மார்கழி, தையில் அந்த ஓரடி நீர் எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன். பங்குனியில் காய் பிடிக்கும் மாமரத்துக்கு அது உயிர். ஆனால் மூட்டை அடுக்கிய அன்றே உங்கள் கரையின் பாதுகாப்பு உயரத்தில் ஓரடி போய்விட்டது. ‘மழை முடிந்துவிட்டது’ என்று நாம் நினைக்கும் கார்த்திகைக் கடைசியில்தான் வங்கக் கடலில் புதிய தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன. இரவில் வெள்ளம் வரும்போது மூட்டையை எடுக்க யாரும் கோடியில் இறங்க முடியாது.

கூடுதல் நீர் வேண்டுமானால், கோடையில் உள்ளே தூர்வாரி ஆழப்படுத்துங்கள், கோடியைத் தொடாதீர்கள். மீன் வெளியேறாமல் இருக்க வலை கட்டுவதும் இதே தவறுதான். வெள்ளத்தில் வரும் செத்தையும் முள்ளும் அந்த வலையில் சிக்கி, சற்று நேரத்தில் அது சுவராகவே மாறிவிடும்.

கரைக்குப் பின்னால எப்பவும் ஈரமாவே இருக்குது. பயப்படணுமா?

ஈரம் இல்லாத மண் கரை இல்லை. எனவே ஈரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அதைக் கவனிக்க வேண்டும். மூன்றைப் பாருங்கள்: நீர் தெளிவாக வருகிறதா, ஒரே அளவில் வருகிறதா, பழைய இடத்திலேயே வருகிறதா. தெளிந்த நீர், குளத்தின் மட்டம் ஏறும்போது சற்றுக் கூடி இறங்கும்போது குறைந்தால், அது கரையின் இயல்பு. கலங்கிய நீர் என்றால் கரையின் மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒடுகத்தூருக்கு அப்பால் ஒரு தோப்பில், கரையடியில் நாணல் முளைத்திருந்த இடத்தில் விரல் பருமனுக்கு நீர் வந்துகொண்டிருந்தது. உரிமையாளர் அதைத் ‘தெளிந்த ஊற்று’ என்றார். பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் கரை மேல் வைத்துவிட்டு மற்ற இடங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினோம். குவளையின் அடியில், நகத்தின் கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. ஊற்று வாயைச் சுற்றி, எறும்புப் புற்றைப் போல நுண்மணல் சிறு வளையமாகக் குவிந்திருப்பதும் அதன் பிறகே எங்கள் கண்ணில் பட்டது. அந்த வாரமே நீர்மட்டத்தை இறக்கச் செய்தோம்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. கசிவைச் சிறு வாய்க்காலாகத் திரட்டி, ஒரு குழாய்த்துண்டு வழியாக விழச் செய்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். தேதி, குளத்தின் மட்டம், நொடி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். மட்டம் மாறாமல் நொடி மட்டும் குறைந்துகொண்டே போனால் உடனே யாரையாவது அழையுங்கள்.

கசியுற இடத்துல வெளிப்பக்கமா களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைச்சிட்டேன். சரிதானே?

சரியன்று, நல்ல எண்ணத்தோடு செய்ததுதான் என்றாலும். வெளியேறும் வாயை அடைத்தால் நீர் நின்றுவிடாது. கரைக்குள் அதன் அழுத்தம் ஏறி, அடைப்புக்கு அருகில் வேறோர் இடத்தில் பீறிடும். அடைக்க வேண்டுமானால் நீர்ப்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் செய்ய வேண்டியது நீரை விட்டு மண்ணைப் பிடிப்பது: முதலில் பருமணல், அதன் மேல் சிறுசல்லி, அதன் மேல் பெருஞ்சல்லி, கடைசியாக எடைக்குக் கருங்கல். காப்பி வடிகட்டுவது போன்ற வேலைதான் இது. தூள் நின்றுவிட வேண்டும், நீர் போய்விட வேண்டும். அவசரத்தில் இவை கிடைக்காவிட்டால், ஊற்று வாயைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீர் தேங்கவிடுங்கள். தேங்கிய நீரின் எடை ஊற்றின் வேகத்தைக் குறைக்கும்.

கரை மேல வெடிப்பு விட்டிருக்குது. மண்ணைத் தூவி மூடினா போதாதா?

வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. கோடையில் களிமண் காய்ந்து வலைபோல விடும் சிறு வெடிப்புகள் ஆழமாக இருப்பதில்லை. கரையின் நீளவாக்கில், வில்லைப் போல வளைந்து ஓடும் வெடிப்பு, சரிவு பெயரத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம்; அதற்கு நேர்கீழே கரையடி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரையின் குறுக்காக, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஓடும் வெடிப்பே இவற்றில் கொடியது. நீர் ஏறினால் அது நேரடி வழியாகிவிடும்.

மேலே மண்ணைத் தூவினால் வெடிப்பு மறையும், ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். சுண்ணாம்பு நீரை ஊற்றி அது போகும் ஆழத்தை அறிந்து, அந்த ஆழத்துக்கும் கீழே தோண்டி, ஈரமண்ணை அடுக்கடுக்காக இட்டு இடித்து நிரப்ப வேண்டும்.

கரை மேல வேலிகாத்தானும் பனையும் நிறைய இருக்குது. வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்னு பெரியவங்க சொல்றாங்களே?

பெரியவர்கள் சொன்னது பனையைப் பற்றி. அதில் உண்மை உண்டு. பனையின் வேர்கள் சல்லி வேர்கள். பருத்துக் கரையைப் பிளப்பதில்லை. ஏரிக் கரையோரங்களில் நம் முன்னோர் பனையை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் செத்த பனையின் அடிமரம் மக்கிப் பொந்தாகும் என்பதால், குறுகிய கரையின் உச்சியிலோ சரிவிலோ அதைப் புதிதாக நடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். கரையடிக்கு அப்பால் நடுங்கள்.

வேலிகாத்தானின் கதை வேறு. அதன் ஆணிவேர் நீரைத் தேடிக் கரைக்குள் இறங்கும். வெட்டிய பின் அந்த வேர் மக்கினால் அதுவே குழாய். கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். தொடை பருமனுக்கு வளர்ந்ததை மழைக்கு முன் பிடுங்கிக் குழியை அப்படியே விடாதீர்கள். மாசி, பங்குனியில், குளம் வற்றிய பின் வேரைத் தோண்டி எடுத்து, மேற்சொன்ன முறையில் இடித்து நிரப்புங்கள். கரைக்கு ஏற்றது அருகம்புல். புதர் இருந்தால் அதன் அடியில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதே எனக்குப் பெரிய குறை.

நண்டு வளையும் எலி வளையும் அணையை உடைக்குமா என்ன?

மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து பலர் உயிரிழந்தபோது, நண்டுகளே காரணம் என்று அம்மாநில அமைச்சர் ஒருவர் சொன்னார். நாடே அதைக் கேட்டுச் சிரித்தது. கசிவைப் பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பது அந்தச் சிரிப்பில் மறைந்துபோயிற்று. வளை ஒரு கரையைத் தனியே உடைப்பது அரிது. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வளை, நீர் போகும் தூரத்தைக் குறைத்து உள்ளரிப்புக்கு வழி திறந்துவிடும். கண்டவுடன் மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, தோண்டி இடித்து நிரப்புங்கள். வாயில் மட்டும் கல்லைத் திணித்தால் பயனில்லை.

கரை மேல புத்து இருக்குது. அம்மா வெள்ளிக்கிழமை பால் ஊத்துறாங்க. அதை எப்படிங்க இடிக்கிறது?

இடியுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கறையானின் அறைகள் ஈரத்தைத் தேடி மண்ணுக்குள் வெகுதூரம் போகும் என்பதை உங்கள் அம்மாவிடமே எடுத்துச் சொல்லுங்கள். சில குடும்பங்கள் பூசை செய்து, புற்று மண்ணில் ஒரு பிடியை எடுத்து, தோப்பில் மேட்டான இடத்தில் வேப்பமரத்தடியில் வைத்து வழிபாட்டை அங்கே மாற்றிக்கொண்டார்கள். அதற்கு மனம் இசையாவிட்டால், அந்த இடத்தில் வெளிப்பக்கமாகக் கரையை அகலப்படுத்துவதும், அடியில் மணல்-சல்லி வடிகட்டி வைப்பதும் அடுத்த வழி, செலவு கூடும்.

போன வருஷம் கரையை வெட்டி பிவிசி பைப் புதைச்சேன். அந்தப் பக்கமாத்தான் இப்ப ஒழுகுது. ஏன்?

பைப் வழவழப்பானது; மண் அதோடு ஒட்டாது. பைப்பின் அடிவயிற்றில் மண்ணை இடித்து இறுக்குவதும் கடினம். அதனால் பைப்புக்குள் போக வேண்டிய நீர் பைப்போடு ஒட்டிக்கொண்டே போகிறது. இதற்கு ஒட்டுவேலை கிடையாது. கோடையில் அந்த இடத்தை அகலமாகத் தோண்டி, கான்கிரீட் படுக்கையின் மேல் பைப்பை வைத்து, வெளிப்பக்க முனையைச் சுற்றி வடிகட்டி மணல் இட்டு மூட வேண்டும். முடியுமானால் கரையை வெட்டாமல், மேலாக வளைத்துவிடும் உறிஞ்சு குழாயே நல்லது.

ஜேசிபி வெச்சு ரெண்டு அடி ஒசத்திடலாம்னு இருக்கேன். ஒரு நாள் வேலைதானே?

ஒரு நாளில் முடிகிற வேலை என்றால் அது கரையன்று, மண் குவியல். உலர்ந்த மண்ணை அள்ளிக் கொட்டினால், முதல் மழையில் அது அமுங்கும். பழைய கரைக்கும் புதிய மண்ணுக்கும் இடையே நீர் நுழையும். பழைய உச்சியின் புல்லையும் வேரையும் சுரண்டி, கொத்திவிட்டு, நனைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண்ணை இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் அழுத்த வேண்டும். மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது. அதுதான் சரியான ஈரம். உயர்த்தும்போது அடியையும் அகலப்படுத்த வேண்டும். உச்சியில் மட்டும் ஏற்றினால் சரிவு செங்குத்தாகிச் சரியும்.

ஏதாவது சந்தேகம்னா மோட்டார் போட்டு ஒரே ராத்திரியில தண்ணியை எடுத்துடலாம் இல்லையா?

கரை உடையும் நிலை இல்லாதபோது அப்படிச் செய்யாதீர்கள். நீர் விரைந்து இறங்கினால், நனைந்து கனத்திருக்கும் நீர்ப்பக்கச் சரிவுக்கு எதிரே தாங்கிநின்ற நீரின் அழுத்தம் போய்விடும். சரிவு குளத்துக்குள் பெயர்ந்து விழும். நாளொன்றுக்கு ஓரடி என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு.

அணை பாதுகாப்புச் சட்டம் வந்திருக்குதாமே, எங்களுக்குப் பொருந்துமா? உடைஞ்சா யார் பொறுப்பு?

2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற கூடுதல் அளவுகளை எட்டும் அணைகளுக்கும் பொருந்தும். தோப்புக் கரைகள் பெரும்பாலும் இதற்குள் வரா. அதனால் பொறுப்பு இல்லை என்று ஆகாது. ஓடை புறம்போக்காக இருந்தால், கரையின் இருபுறமும் உங்கள் பட்டாவாக இருந்தாலும் அனுமதியின்றி மறிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

இழப்பீட்டைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று நம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து இரயில் பாதையைச் சேதப்படுத்தின. சென்னை இரயில்வே கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குத் தொடர்ந்தது. 1874-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்றும், தொன்றுதொட்டு மக்களின் பாசனத்துக்காக இருந்துவரும் ஏரிகளைக் காப்பது அவருடைய கடமை என்றும் சொல்லி அவரை விடுவித்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் தன் ஆலைக்காக நீர் தேக்கிய ஒருவர், அந்த நீர் அண்டைச் சுரங்கத்துக்குள் புகுந்ததற்கு, தாம் தவறு செய்யாவிட்டாலும் பொறுப்பாளியாக்கப்பட்டிருந்தார். சொந்தத் தோப்புக்காக நீங்கள் எழுப்பிய கரை, என் பார்வையில், ஜமீன்தாரின் பழைய ஏரியைவிட அந்த ஆலைக்காரரின் நீர்த்தேக்கத்துக்கே நெருக்கமானது. வழக்கு வந்தால் வழக்கறிஞரை அணுகுங்கள். அதற்கு முன்பே, மேலே சொன்ன நோட்டு உங்களிடம் இருக்கட்டும்.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி கரை உச்சிக்கு ஒரு அடி கீழ வந்துடுச்சுன்னா என்ன பண்றது?

முதலில் கீழே இருப்பவர்களை எழுப்புங்கள். கரையைக் காப்பது அதன் பிறகுதான். முதல் கேள்வியில் சொன்ன நடைப்பயணத்தில் நீங்கள் எண்ணிய ஒவ்வொரு வீட்டின் எண்ணும் உங்கள் செல்பேசியில் இருக்க வேண்டும். மழையில் செல்பேசி அணைந்துபோகும் என்பதால், மோட்டார் கொட்டகைச் சுவரிலும் பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்து 1077-ஐ அழையுங்கள். அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள்.

பிறகு, கோடியில் சிக்கிய செத்தையைக் கரையில் நின்றபடி நீண்ட கழியால் தள்ள முடிந்தால் தள்ளுங்கள், இறங்காதீர்கள். உச்சியில் பள்ளமான இடத்தை மட்டும் மூட்டையால் சமப்படுத்துங்கள். கரையின் நடுவில் வெட்டிவிடும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே உயரம் அதிகம், வெட்டு நின்ற இடத்தில் நிற்காது. வேறு வழியே இல்லையென்றால், கோடியை ஒட்டிய இயற்கையான கெட்டித் தரையில், கரையிலிருந்து விலகி, கோடியை அகலப்படுத்தலாம். அதுவும் கீழே உள்ளவர்கள் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று உறுதியான பிறகு. நீர் கரையைத் தாண்டத் தொடங்கிவிட்டால் எல்லோரும் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். இறங்கும்போது வெளிப்பக்கச் சரிவு வழியாக இறங்காமல், கரையின் முனைக்கு நடந்து மேட்டு நிலத்தில் ஏறுங்கள்.